எழிலரசன் பார்த்த சிறுத்தை

தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சுவேதா அப்பாவுக்கு,

விஜயராணி எழுதுகிறேன். நானும் சுவேதாவும், மாடுகள் இரண்டும், நீங்கள் விட்டுவிட்டுப் போன டிவிஎஸ் வண்டியும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள், கை நடுக்கம் குறைந்திருக்கிறது என்று மறுவாழ்வு மையத்து ரோஸி மேடம் போனில் சொன்னார்கள். உங்களோடு என்னைப் பேச விடுவதில்லையே தவிர, உங்களைப் பற்றி என்னோடு நன்றாகவே பேசுகிறார்கள். சிகிச்சை முடியும்வரை உங்களுக்குப் போன் கிடையாதாம். கடிதம் எழுதினால், அதைத் தானே உங்கள் கையில் கொடுப்பதாகச் சொன்னார்கள். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பள்ளிக்கூடத்துப் பரீட்சையில், இல்லாத ஒரு தோழிக்கு. அதற்கே பாதி மார்க்தான் போட்டார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் பால் விஷயம். உங்களுக்குப் பதில் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறோம் என்று சொசைட்டியில் சொன்னார்கள். நானே போகிறேன் என்றேன். வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலம்தான் கற்றுக்கொள்ளப் போனேன். பின்னால் இரண்டு பக்கமும் கேனைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது வேறு, சும்மா ஓட்டுவது வேறு என்று நீங்கள் என்றைக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முதல் நாளே வாய்க்கால் ஓரம் சாய்ந்தேன். கேன் காலியாக இருந்ததால் நஷ்டம் இல்லை, முழங்காலில் கொஞ்சம் தோல் போனதோடு சரி. இப்போது பழகிவிட்டது. விடியும்போது கிளம்பி, மேலத்தெரு, ஆற்றுக்கரைத் தெரு இரண்டிலும் பால் எடுத்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு, என் வேலைக்குத் திருவாண்டார்கோயில் கம்பெனி வேனையும் பிடித்துவிடுகிறேன். நீங்கள் அடிக்கிற மாதிரியே முக்குக்கு முக்கு ஹாரன் அடிக்கிறேன். நாய்கள் மட்டும் இன்னும் என்னை ஏற்றுக்கொள்ளவில்லை.

இனி முக்கியமான சங்கதி. நீங்கள் மார்கழியில் பார்த்த சிறுத்தை கிடைத்துவிட்டது. அதற்கு நான்கு கால், ஒரு வால், கழுத்தில் ஒரு மணி. ஆதிமூலம் அண்ணன் வீட்டுக் கன்றுக்குட்டிதான் அது.

நடந்ததைச் சொல்கிறேன். போன வியாழக்கிழமை காலை எங்கள் கம்பெனி வேன் ஆற்றுக்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தது. பனி என்றால் அப்படி ஒரு பனி, முன்னால் போகிற சைக்கிள்கூடத் தெரியவில்லை. டிரைவர் திடீரென்று பிரேக் போட்டார். பார்த்தால் கரும்பு ஓரத்தில் மஞ்சளும் கறுப்புமாக, உடம்பெல்லாம் புள்ளியோடு ஏதோ நகருகிறது. வேனில் இருந்த அத்தனை பெண்களும் ஒரே கூச்சல். நானும் கத்தினேன், மறைக்க என்ன இருக்கிறது. ஒருத்தி கத்திக்கொண்டே செல்போனில் படமும் எடுத்துவிட்டாள். அது போய்ச் சேராத வாட்ஸ்அப் குரூப்பே இல்லை. 'வில்லியனூர் அருகே சிறுத்தை, மக்கள் பீதி' என்று யாரோ எழுத்துப் போட்டு, பின்னால் உறுமல் சத்தமும் சேர்த்துவிட்டார்கள்.

கூச்சல் அடங்குவதற்குள் ஆதிமூலம் அண்ணன் கையில் கயிற்றோடு பனியைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்தார். "இன்னாம்மா கும்பலு? என் கன்னுக்குட்டியப் பாத்தா உங்களுக்கு சிறுத்த மாதிரியா கீது?" என்று எங்களையே திட்டினார். குவைத்தில் இருக்கிற அவர் மகன் கலைவேந்தன் கொண்டுவந்த கம்பளிப் போர்வை. கட்டில் அகலத்துக்குச் சிறுத்தைப் படம் போட்டது. அதைப் போர்த்தினால் மனுஷனுக்கு வேர்க்கிறதாம். அதனால் பனி தாங்காமல் இருமிய கன்றுக்குப் போர்த்தி, வயிற்றோடு சேர்த்துக் கட்டிவிட்டிருக்கிறார். கன்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டு சிறுத்தையாகவே உலாவப் போய்விட்டது. அன்று வேனில் சிரித்த சிரிப்பில் ஒருத்திக்கு மூச்சே அடைத்துக்கொண்டது.

நீங்கள் பம்ப்செட் ரூம் பக்கத்தில் பார்த்ததும் இந்தக் கன்றைத்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஒரு பக்கக் காது கிழிந்திருந்தது என்று சொன்னீர்களே, அது மட்டும்தான் இடிக்கிறது. கன்றுக்கு இரண்டு காதும் நன்றாகவே இருக்கிறது. போர்வையின் முனை மடங்கியிருக்கும் என்று என் தம்பி பாக்யராஜ் சொன்னான். இருக்கலாம்.

இதை ஏன் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன் என்றால், அன்று நீங்கள் சுவேதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்கு மூள கலங்கிப்போச்சி போல கீது கண்ணு, இல்லாததெல்லாம் தெரியுது, என்ன எங்கனா கொண்ட்டு போய் வுட்டுடச் சொல்லு" என்று அழுதீர்கள். அது என் காதிலேயே நிற்கிறது. உங்களுக்கு மூளை கலங்கவில்லை. பனியில் போர்வை போர்த்திய கன்றைப் பார்த்தீர்கள், குடித்த உடம்பு பயந்துவிட்டது. ஆனால் அந்தப் பயத்தில்தானே நீங்களாகவே அங்கே போய்க் கையெழுத்துப் போட்டீர்கள்? எத்தனை வருஷம் நான் கெஞ்சினேன், அழுதேன், அம்மா வீட்டுக்குப் போனேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு கன்றுக்குட்டி செய்துவிட்டது. அதற்கு நான் ஒரு கட்டு அகத்திக்கீரை கொண்டுபோய்ப் போட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்து வைக்க வேண்டாம், ரோஸி மேடத்துக்கு அதெல்லாம் தெரியுமாம். சுவேதா கணக்கில் இந்த முறை நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். அப்பாவிடம் நீயே சொல் என்றேன். முடித்துவிட்டு வரட்டும், நேரில் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டாள். நாங்கள் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
விஜயராணி

*

மாசி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சுவேதா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்து இவ்வளவு அழகா? கல்யாணப் பதிவேட்டில் போட்ட கையெழுத்தோடு சரி, அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. எழுத்து எங்கேயும் கோணவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் கை நடுக்கம் நின்றுவிட்டது என்று ரோஸி மேடம் சொன்னதை நம்பினேன். சுவேதா அதைத் தன் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள்.

நீங்கள் எழுதியதில் ஓர் இடம் என்னைத் தூங்கவிடவில்லை. காலையில் எழுந்ததும் வெளியே ஓடிவிடலாமா என்று மனசு இழுக்கிறது, அப்போதெல்லாம் அந்தக் கன்றை நினைத்துக்கொள்கிறேன், கன்றைச் சிறுத்தையாகப் பார்க்கிற அளவுக்கு இறங்கிப்போனவன் நான் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன், மனசு அடங்கிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த அன்று எனக்குச் சந்தோஷம். அடுத்த வாரமே அது பாரமாகிவிட்டது. ஏன் என்று இப்போது எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்து எடுத்து வைத்துவிட்டேன், அதனால்தான் இத்தனை தாமதம். பக்கத்தில் ரோஸி மேடம் இருந்தால் அவர்கள் இருக்கும்போதே படியுங்கள்.

கன்று விஷயம் சிரித்து முடிந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். ஆதிமூலம் அண்ணன் வீட்டு வெள்ளாடு ஒன்று காணாமல் போனது. நாய் வேலை என்று நினைத்தார்கள். சாயங்காலம் கரும்பு வெட்டுகிற ஆட்கள் ஆற்றுக்கரைப் புளியமரத்தின் கீழ் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார்கள். மேலே இருந்து ரத்தம் சொட்டியிருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் கிளைக் கவட்டையில் ஆட்டின் உடம்பு தொங்குகிறது. எந்த நாய் ஆட்டைத் தூக்கிக்கொண்டு மரம் ஏறும்? வெட்டுக் கத்தியையெல்லாம் அங்கேயே போட்டுவிட்டு ஊருக்குள் ஓடி வந்துவிட்டார்கள்.

மறுநாள் வனத்துறை ஆட்கள் வந்தார்கள். ஆற்று மணலில் தடம் இருந்தது. நாய்த் தடம் என்றால் நகம் பதிந்திருக்கும், இதில் நகம் இல்லை என்று எங்களுக்கெல்லாம் காட்டினார்கள். ஆட்டோவில் மைக் கட்டி, காலையிலும் மாலையிலும் யாரும் தனியாகப் போகாதீர்கள், ஆடு மாட்டை வெளியே கட்டாதீர்கள் என்று நம் கொம்யூனில் உள்ள ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். மரத்தில் இரண்டு, பம்ப்செட் ரூம் சுவரில் ஒன்று என்று கேமரா வைத்தார்கள். கூண்டும் வந்தது. மாசி மகத்துக்குத் திருக்காஞ்சி போய் முழுக வேண்டுமே, ஆற்றுப் பக்கம் எப்படிப் போவது என்று பாதிப் பேர் புலம்பிக்கொண்டிருந்தார்கள்.

பால் எடுக்கப் போவது எப்படி என்று எனக்கும் கதிகலங்கியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பால் சிறுத்தைக்காகக் காத்திருக்குமா? ஆற்றுக்கரைத் தெருப் பெண்கள் அவர்களாகவே ஒரு வழி செய்தார்கள். நான் வீடு வீடாகப் போக வேண்டாம், எல்லாரும் பாலை எடுத்துக்கொண்டு கும்பலாக மாரியம்மன் கோயில் விளக்குக் கம்பத்துக்கு வந்துவிடுவார்கள். கூடவே ஒருத்தி தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு வருவாள். தெருவில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக்காரிகள் இந்தச் சாக்கில் பேசிக்கொண்டார்கள். இது பழகிப்போய், இப்போதும் அங்கேதான் பால் எடுக்கிறேன். ஒரு கேன் பால் கூடுதலாக வருகிறது.

ஒரு வாரத்தில் கேமராவில் படம் விழுந்தது. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் வனத்துறை அதிகாரி, சின்ன வயசுப் பெண்தான், லேப்டாப்பைத் திறந்து எல்லாருக்கும் காட்டினாள். பம்ப்செட் ரூம் ஓரம். பனி. கரையின் மேல் உட்கார்ந்துகொண்டு அது முன்னங்காலை நக்குகிறது. போர்வை இல்லை, மணி இல்லை. நிஜமான சிறுத்தை. கேமராவை நிமிர்ந்து பார்க்கிறது. இடது காது பாதி கிழிந்து தொங்குகிறது.

நீங்கள் சொன்னது சொன்னபடி இருந்தது. "ஓடல, என்னப் பாத்துக்கினே கால நக்கிச்சி, அப்பால மெதுவா எறங்கிக் கரும்புக்குள்ள போச்சி, ஒரு காது கிழிஞ்சிருந்திச்சி" என்று மூச்சு வாங்கச் சொன்னீர்களே. அன்று டீக்கடையில், கிழிந்த காதில் கம்மல் போட்டிருந்ததா என்று கேட்டார்கள். அதே ஆட்கள் பஞ்சாயத்து வாசலிலிருந்து ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். ஆதிமூலம் அண்ணன்தான் என் பக்கத்தில் வந்து, "எழிலு அன்னிக்கே சொன்னான்மா. நாமதான் காது குடுக்கல. என் பையன் வந்ததே போகிக்கு மொத நாளு, போர்வயும் அப்பதான் வந்துச்சி. எழிலு பாத்தது மார்கழி பொறந்த ஒடனே. அந்தக் கணக்க ஒருத்தன்கூடப் போட்டுப் பாக்கலியே" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆமாம். நானும் போட்டுப் பார்க்கவில்லை. சிரிப்பு வந்ததும் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டோம்.

நீங்கள் பார்த்தது நிஜம். உங்கள் கண்ணில் கோளாறு இல்லை, மூளையும் கலங்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது. சந்தோஷத்தில்தான் வருகிறது. பயமும் கூடவே வருகிறது.

பயம் சிறுத்தையைப் பற்றி இல்லை. அது போய்விட்டது. திருக்கனூர் பக்கம் ஆற்று மணலில் மேற்கே போகிற தடத்தைப் பார்த்திருக்கிறார்கள். அதற்கும் மேலே ஒரு கேமராவில் அதே கிழிந்த காது. செஞ்சி மலைப் பக்கத்திலிருந்து ஆற்றோடு வந்தது, ஆற்றோடே திரும்பிவிட்டது என்று அந்தப் பெண் சொன்னாள். ஒரு மனுஷன்மேல்கூட நகம் படவில்லை. கூண்டைக் காலியாகவே ஏற்றிக்கொண்டு போனார்கள். கரும்பு வெட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டது. மாசி மகத்துக்கு ஊரே திருக்காஞ்சி போய் வந்தது.

பயம் உங்களைப் பற்றித்தான். ஊரில் இப்போது நீங்கள் பெரிய ஆள். டிவிக்காரர்கள் வந்து, முதலில் பார்த்தவர் எங்கே என்று வீட்டு வாசலில் நின்றார்கள். வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உங்கள் சாராயக்கடைக் கூட்டாளிகள் நேற்று வழிமறித்து, "எழில வரச் சொல்லுக்கா, அவனுக்கு ஒண்ணும் இல்ல, நல்லா கீறான். வந்தான்னா அன்னிக்கு ஃபுல்லா எங்க செலவு" என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உங்கள்மேல் உள்ள பிரியத்தில்தான் சொல்கிறார்கள். அதுதான் எனக்குப் பயம்.

பாக்யராஜ், மாமாவுக்கு இதைச் சொல்லவே கூடாது என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். கன்று என்று நம்பித்தான் மனுஷன் அங்கே உட்கார்ந்திருக்கிறார், சிறுத்தை என்று தெரிந்தால் அந்த நிமிஷமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார், முடித்துவிட்டு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றான். அவன் சொன்னதில் தப்பு இல்லை. நானும் இரண்டு நாள் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். உங்களை அங்கே இருக்க வைத்திருப்பது அந்தக் கன்றுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை நானே அவிழ்த்து விடுவதா?

சுவேதாவிடம் கேட்டேன். அவள் முகம் சிவந்துபோய்விட்டது. "அப்பா ஊருக்குள்ள கால் வைக்கறதுக்குள்ள யாருனா சொல்லிடுவாங்கம்மா. அப்ப நம்ம ரெண்டு பேரையும் பாத்து, நீங்களும் என்ன பைத்தியம்னு நெனைக்க வுட்டுட்டீங்களான்னு கேட்டா நீ இன்னா சொல்லுவ?" என்று கேட்டாள். உங்கள் பெண் வளர்ந்துவிட்டாள்.

ரோஸி மேடத்துக்குப் போன் செய்தேன். எழுதுவதா வேண்டாமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், விஜயராணி, எழுதினால் நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றார்கள். இங்கே யாரையும் பூட்டி வைப்பதில்லை, உங்கள் வீட்டுக்காரர் அவராக வந்தார், அவராகப் போகவும் முடியும் என்றும் சொன்னார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இனி எழுதுவது நான் நேரில் சொல்ல முடியாதது. நேரில் என்றால் சண்டை போட்டுவிடுவேன்.

சிறுத்தை நிஜம் என்று ஆகிவிட்டதால் மற்றது பொய்யாகிவிடாது. நீங்கள் அங்கே போனது சிறுத்தையால்தான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்கள் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் சுவேதா புத்தகத்தை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போய்விடுவாள், உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருக்காது. நீங்கள் தூங்கிவிட்டீர்கள் என்று நான் கையைக் காட்டிய பிறகுதான் வருவாள். நீங்கள் ஒரு நாளும் அவளை அடித்ததில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் சத்தம் போடுவீர்கள், தட்டைத் தூக்கி எறிவீர்கள், பிறகு அழுவீர்கள். அந்த அழுகைதான் அவளுக்குத் தாங்காது. ஆற்றங்கரையில் சிறுத்தை வந்த மாதம் முழுக்க அவள் நடு வீட்டில், விளக்குக்குக் கீழே, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தாள். சிறுத்தை இருக்கிறதே, கதவைச் சாத்தடி என்று நான்தான் கத்தினேன். அவளுக்குப் பயமே இல்லை. இதற்கு மேல் இதை எழுத மாட்டேன்.

உங்களை வெறுத்து இதை எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். வெறுத்தால் நான் ஏன் விடிகாலையில் உங்கள் கேனைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன்? உங்கள் இடத்தை வேறு யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றுதான். சொசைட்டியில் எழிலரசன் பால் என்றுதான் இன்னும் கூப்பிடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. நீங்கள் வந்ததும் மேலத்தெரு உங்களுக்கு, ஆற்றுக்கரைத் தெரு எனக்கு. அந்தத் தெருவை நான் விட்டுத் தர மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. அன்று காலை நீங்கள் பனியில் விழுந்தடித்து ஓடி வந்து, சிறுத்தை, சிறுத்தை என்று என் தோளைப் பிடித்தீர்கள். காலையிலிருந்து ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை என்று சத்தியம் செய்தீர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. வாயை மோந்து பார்த்தேன். ராத்திரி குடித்த வாடை இருந்தது. அதோடு நீங்கள் சொன்ன எதையும் நான் கேட்கவில்லை. அன்று நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு மனுஷன் உயிர்ப் பயத்தில் ஓடி வந்து உண்மையைச் சொல்கிறான், கட்டியவளுக்கே அதை நம்ப முடியவில்லை. இதைவிடப் பெரிய தனிமை உண்டா? நீங்கள் அன்று எப்படித் தவித்திருப்பீர்கள் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. உங்களை அப்படி நிற்க வைத்தது நானும் இல்லை, ஊரும் இல்லை. அந்தச் சனியன் பிடித்த பாட்டில்தான்.

கன்று என்று நம்பி நீங்கள் அங்கே உட்கார்ந்திருந்தது போதும். இனி சிறுத்தை என்று தெரிந்தே உட்கார்ந்திருங்கள். கதவு திறந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். முடித்துவிட்டு வாருங்கள். நானும் சுவேதாவும் வந்து கூட்டிக்கொண்டு வருகிறோம்.

அதற்குப் பிறகு என்றைக்காவது நீங்கள் ஓடி வந்து, சிறுத்தை வருகிறது என்று சொன்னால், நான் வாயை மோந்து பார்க்காமல், ஒரு கேள்வி கேட்காமல் சுவேதாவை உள்ளே இழுத்துக் கதவைத் தாழ் போட வேண்டும். எனக்கு அது போதும். அதை மட்டும் எனக்குச் செய்து கொடுங்கள்.

உங்கள்
விஜயராணி